கேட்டவர்கள் படைத்த இசை
வீட்டில் இருந்தபடியே மின்னணு இசை அமைக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



படிப்போ வேலையோ முடிந்த பிறகு, இரவில் மடிக்கணினியைத் திறந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டெக்னோ, எலக்ட்ரோ, ஹவுஸ் என்று இசை அமைக்கும் உங்களுக்கு இந்த மடல். நீங்கள் வெளியிடும் டிராக்குகளை ஆர்வத்தோடு கேட்டு வருகிறேன். அவற்றில் உழைப்பு இருக்கிறது, தொழில்நுட்பத் தேர்ச்சியும் இருக்கிறது. ஆனால் உங்கள் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு வரி என்னை உறுத்துகிறது: "டெக்னோவின் தந்தை கிராஃப்ட்வெர்க்." இதைச் சொல்லிவிட்டு, 'டெட்ராய்ட்' என்று பெயர் போட்ட சாம்பிள் பேக் ஒன்றை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறோம்.

அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால், அந்த இசையிலிருந்து நாம் கற்க வேண்டியதே கைநழுவிப் போகும். ஓர் ஆல்பம் தானாக எதையும் பெற்றெடுப்பதில்லை. அதை ஆழ்ந்து கேட்டு, தங்கள் ஊருக்கும் வாழ்வுக்கும் ஏற்ற வேறொன்றாக மாற்றியவர்களின் உழைப்பைத்தான் நாம் 'தாக்கம்' என்கிறோம். ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 'கம்ப்யூட்டர்வெல்ட்' ஆல்பத்தை வைத்து இதைச் சொல்ல முயல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' என்ற பெயரில் வந்த அந்த ஆல்பம் 1981 மே மாதம் வெளியானது. ஏழு டிராக்குகள், மொத்தம் 34 நிமிடம். மஞ்சள் அட்டையில் ஒரு கணினி முனையம். அதன் திரையில் நான்கு முகங்கள். ரால்ஃப் ஹூட்டர், ஃப்ளோரியன் ஷ்னைடர், கார்ல் பார்டோஸ், வொல்ஃப்காங் ஃப்ளூர் என்ற அந்த நால்வரும் டுஸ்ஸல்டார்ஃப் நகரின் ரயில் நிலையத்துக்கு அருகே, மின்ட்ரோப் தெருவில் இருந்த 'க்ளிங் க்ளாங்' என்ற தங்கள் சொந்த ஸ்டூடியோவில் இதை உருவாக்கினார்கள். 1974-இல் 'ஆட்டோபான்', 1977-இல் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்', 1978-இல் 'தி மேன்-மெஷின்' என்று வரிசையாக ஆல்பங்கள் தந்தவர்கள், இதற்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

அது எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள். ஐபிஎம் நிறுவனத்தின் பெர்சனல் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்ததே 1981 ஆகஸ்டில்தான், அதாவது இந்த ஆல்பம் வெளிவந்து மூன்று மாதம் கழித்து. சாதாரண ஜெர்மானியருக்குக் கணினி என்றால் அரசாங்கமும் வங்கியும் வைத்திருக்கும் பெரிய இயந்திரம். எழுபதுகளில் தீவிரவாதக் குழுக்களைத் தேடுவதற்காக, மேற்கு ஜெர்மனியின் மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை, ஹோர்ஸ்ட் ஹெரால்டின் தலைமையில், பொதுமக்களின் தகவல்களைக் கணினியில் கொட்டிச் சலித்தது. அது தந்த அச்சம் ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் இருக்கிறது. இன்டர்போல், டாய்ச்சே வங்கி, எஃப்.பி.ஐ., ஸ்காட்லாந்து யார்டு என்று பெயர்களை மட்டும் அது அடுக்குகிறது. கண்டனமாக ஒரு சொல் கிடையாது. அடுக்கிய விதமே கேட்பவரை யோசிக்க வைக்கிறது.

அதே ஆல்பத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 'பாக்கெட் கால்குலேட்டர்' பாட்டில் ஒருவன் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி மெட்டுப் போட்டு மகிழ்கிறான். ஏழு நிமிடம் ஓடும் 'கம்ப்யூட்டர் லவ்' பாட்டில், இரவில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன் இயந்திரத்தின் வழியாக ஒரு துணை கிடைக்குமா என்று ஏங்குகிறான். கண்காணிப்பு, விளையாட்டு, தனிமை என்று இன்று நம் கைப்பேசிக்குள் இருக்கும் மூன்றையும் அவர்கள் அன்றே அருகருகே வைத்துவிட்டார்கள்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கணினியைப் பற்றிய இந்த ஆல்பம் கணினியின் துணை இல்லாமல் உருவானது. அனலாக் சின்தசைஸர்கள், 'சிந்தனார்மா' என்ற அனலாக் சீக்வென்ஸர், மின்னணுத் தாளக் கருவிகள் ஆகியவைதான் அடிப்படை. அனலாக் சீக்வென்ஸரில் ஒவ்வொரு படிக்கும் ஒரு திருகு இருக்கும். திருகைத் திருப்பினால் மின்னழுத்தம் மாறும், அதற்கேற்பச் சுரமும் மாறும். படிகள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். நமது மென்பொருளில் மவுஸால் கட்டம் கட்டமாக நிரப்புகிறோமே, அதன் மூதாதை அது. இவற்றோடு கடையில் கிடைத்த பொம்மைக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 'பாக்கெட் கால்குலேட்டர்' பாட்டில் கேட்கும் சிறு ஒலிகளில் ஸ்டைலோஃபோன் என்ற கையடக்கக் கருவியும், பொம்மை நிறுவனமான மேட்டல் விற்ற 'பீ ஜீஸ்' தாள இயந்திரமும் இருக்கின்றன. அன்று மேடையில் இந்தப் பாட்டு வரும்போது நால்வரும் சிறு கருவிகளைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்து, முன்வரிசை ரசிகர்களிடம் நீட்டிப் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள்.

இனி 'நம்பர்ஸ்' என்ற டிராக்குக்கு வருவோம். ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். முதலில் தாளம் மட்டும்தான். கிக் ஒலி ஒரே சீராக விழாமல் தள்ளித் தள்ளி விழுகிறது. ஸ்நேர் இருக்க வேண்டிய இடத்தில், சாட்டை சொடுக்கியது போன்ற ஒரு மின்னொலி மேலிருந்து கீழே வழுக்கி மறைகிறது. அதன் மேல் இயந்திரக் குரல்கள் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், ஜப்பானியம், ரஷ்யன் எனப் பல மொழிகளில் எண்களைச் சொல்லிக்கொண்டே போகின்றன. ராகம் என்று சொல்ல எதுவும் இல்லை. கார்டு மாற்றங்கள் இல்லை. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் இப்படியே ஓடி, இடைவெளியே விடாமல் 'கம்ப்யூட்டர் வேர்ல்ட் 2' என்ற அடுத்த டிராக்கில் கலக்கிறது. தாளம் அதேதான், மேலே மெட்டு வந்து அமரும்போது, இவ்வளவு நேரம் எத்தனை இடம் காலியாகக் கிடந்தது என்பது நமக்குத் திடீரென்று புரிகிறது.

இந்தத் தாளத்தை அமைத்த கார்ல் பார்டோஸ், டுஸ்ஸல்டார்ஃபின் ராபர்ட் ஷூமன் இசைப்பள்ளியில் முறையாகத் தாள வாத்தியம் பயின்றவர். எதை வாசிக்கலாம் என்பதைப் போலவே எதை வாசிக்காமல் விடலாம் என்பதையும் அறிந்த கை அது. நெருக்கி நட்ட நாற்று கதிர் வைக்காது என்பது விவசாயிக்குத் தெரியும். 'நம்பர்ஸ்' டிராக்கில் ஒவ்வொரு ஒலியும் அப்படி இடம் விட்டு நடப்பட்டிருக்கிறது. அதனால்தான் கேட்டவர்களால் அதற்குள் நுழைந்து தங்கள் பயிரையும் வைக்க முடிந்தது.

முதலில் நுழைந்தவர்கள் நியூயார்க்கின் கறுப்பின இளைஞர்கள். பிராங்ஸ் பகுதியின் டி.ஜே. ஆஃப்ரிக்கா பாம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் 1982-இல் 'பிளானட் ராக்' பாட்டை வெளியிட்டார்கள். தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர், கீபோர்டு ஜான் ரோபி. 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' மெட்டையும் 'நம்பர்ஸ்' தாளத்தையும் அதில் ஒன்றாகச் சேர்த்தார்கள். வெட்டி ஒட்டவில்லை. மெட்டைக் கீபோர்டில் வாசித்தார்கள். தாளத்தை ரோலண்டு டிஆர்-808 இயந்திரத்தில் புதிதாக ப்ரோகிராம் செய்தார்கள். அந்த 808-இன் கிக் ஒலிக்கு, கிராஃப்ட்வெர்க்கிடம் இல்லாத அடிவயிற்று அதிர்வு இருந்தது. அதன் மேல் ராப் குரல்கள் ஏறியதும், டுஸ்ஸல்டார்ஃபின் குளிர்ச்சியான கணக்கு நியூயார்க்கின் தெருக் கொண்டாட்டமாக மாறியது. எலக்ட்ரோ என்ற வகை இந்தப் பாட்டோடு ஊரெங்கும் பரவியது.

அடுத்தது டெட்ராய்ட். கார் தொழிலை நம்பி வாழ்ந்த அந்த நகரத்தின் மக்கள்தொகை 1950-இல் சுமார் 18.5 லட்சம்; 1980-இல் சுமார் 12 லட்சம். ஆலைகள் ஆள் குறைத்தன, வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், கார் ஆலைகளில் மனிதர்கள் நின்ற இடத்துக்கு ரோபோக்கள் வரத் தொடங்கின. அந்த ஊரில் இயந்திரத்தைப் பற்றிய பாட்டு வேறு பொருள் கொள்ளும். டுஸ்ஸல்டார்ஃபுக்கு அது எதிர்காலம் பற்றிய சிந்தனை. டெட்ராய்டுக்கு அது அப்பாவின் வேலை சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த ஊரின் இரவு வானொலியில் 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் சார்லஸ் ஜான்சன் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். கறுப்பினத்தவருக்குச் சொந்தமான டபிள்யூஜிபிஆர் நிலையம் அது. பிரின்ஸ், பார்லிமென்ட், பி-52'ஸ், கிராஃப்ட்வெர்க் எல்லோரையும் அவர் ஒரே இரவில், ஒரே மூச்சில் ஒலிக்கவிட்டார். கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று வானொலி நிலையங்கள் போட்டிருந்த வேலியை அவர் மதிக்கவில்லை. 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' ஆல்பத்தின் டிராக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டார். டெக்னோவின் வரலாற்றில் இசைக்கருவியையே தொடாமல் முக்கிய இடம் பிடித்தவர் அவர்.

மோஜோவைக் கேட்டு வளர்ந்தவர்களில் மூவர் டெட்ராய்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரின் பள்ளியில் படித்தவர்கள்: வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். இவர்களில் அட்கின்ஸ்தான் முன்னோடி. பாட்டி வாங்கிக் கொடுத்த கோர்க் எம்எஸ்-10 சின்தசைஸரில் அவர் பதின்வயதிலேயே சொந்தமாக ஒலிகளை உருவாக்கத் தொடங்கிவிட்டார். இதை மறக்காதீர்கள். கிராஃப்ட்வெர்க் வந்து அவர் கையில் சின்தசைஸரைக் கொடுக்கவில்லை. தன் போக்கில் எதையோ தேடிக்கொண்டிருந்த ஒருவர், கடல் கடந்து வந்த ஓர் ஒழுங்கைக் கேட்டு, தன் கையிலிருந்த பொருளுக்கு அதிலிருந்து ஒரு வடிவம் கண்டார்.

வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பிய ரிக் டேவிஸுடன் சேர்ந்து அட்கின்ஸ் 'சைபோட்ரான்' குழுவைத் தொடங்கினார். 'கம்ப்யூட்டர்வெல்ட்' வெளியான அதே 1981-இல் அவர்களின் 'ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்ட்' வந்தது. 1983-இல் 'கிளியர்'. பிறகு தனியாக, 'மாடல் 500' என்ற பெயரில், 1985-இல் 'நோ யுஎஃப்ஓஸ்'. அதைத் தன் சொந்த நிறுவனமான மெட்ரோப்ளெக்ஸ் மூலமே வெளியிட்டார். கிராஃப்ட்வெர்க்கின் கச்சிதம் இவற்றில் இருக்கிறது. ஆனால் அந்த பேஸ் நடையைக் கேளுங்கள். அது பார்லிமென்ட் குழுவின் ஃபங்க் மரபிலிருந்து, அக்குழுவின் பெர்னி வாரலின் சின்தசைஸர் பேஸிலிருந்து வருகிறது. டுஸ்ஸல்டார்ஃப் இயந்திரத்தில் இல்லாத இடுப்பசைவு அது.

டெரிக் மே 1987-இல் 'ரிதிம் இஸ் ரிதிம்' என்ற பெயரில் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' இன்னும் ஒரு படி மேலே போனது. பியானோவும் வயலின் கூட்டம் போன்ற ஒலியும் துள்ளித் துள்ளிப் போகும் அந்த டிராக்கில் பேஸ் லைனே கிடையாது. நடன அரங்குக்கான இசையில் பேஸை முழுதாக விட்டுவிடும் துணிச்சல் அது. விட்ட இடத்தில் வலு பிறக்கும் என்பதை இவர் தன் வழியில் மெய்ப்பித்தார். ஆனால் உணர்ச்சியைச் சிறு புன்னகைக்குள் அடக்கி வைத்த கிராஃப்ட்வெர்க்குக்கு நேரெதிராக, இவர் அதைக் கரை உடைத்து ஓடவிட்டார். 1988-இல் பிரிட்டனில் டெட்ராய்ட் டெக்னோ தொகுப்பு ஒன்று வெளியானபோது உலகம் இதற்கு ஒரு பெயர் வைத்தது. அதற்குள் அந்த இசைக்கு ஏழு வயது.

கேட்பவர்கள்தான் தாக்கத்தை உருவாக்குகிறார்கள் என்ற என் வாதத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 'பிளானட் ராக்' வந்த அதே 1982-இல், பம்பாயில் இந்தித் திரையிசையில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் ஓர் ஆல்பம் செய்தார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில், ரோலண்டின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய கருவிகளில் வாசித்து எச்.எம்.வி. வெளியீடாகக் கொண்டுவந்தார். பைரவும் யமனும் 303-இன் நெளியும் ஒலியில் வழுக்கிக்கொண்டு போகின்றன. அதே 303-ஐ வைத்து சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் டிராக்ஸ்' பாட்டை வெளியிட்டது 1987-இல்தான். ஆனால் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு அன்று யாரையும் எட்டவில்லை. அதை இரவெல்லாம் ஒலிக்கவிட ஒரு மோஜோ இல்லை. அதைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராமல் தன் கருவியை எடுத்து உட்கார ஓர் அட்கின்ஸ் இல்லை. 2010-இல் அது மறுவெளியீடு கண்ட பிறகுதான் உலகம் வியந்தது. 2015-இல் அவர் காலமானார். படைப்பில் புதுமை இருந்தது, கருவிகளும் இருந்தன. கேட்கும் கூட்டம்தான் இல்லாமல் போயிற்று. இரண்டு ஆல்பங்களின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

டெட்ராய்டிலிருந்து அந்த இசை மீண்டும் ஜெர்மனிக்குப் போனது. 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991 மார்ச்சில், வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில் 'டிரெசோர்' கிளப் திறந்தது. அதன் பெயரிலேயே தொடங்கிய இசை நிறுவனத்தின் முதல் வெளியீடு, டெட்ராய்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவினர் எக்ஸ்-101 என்ற பெயரில் செய்தது. கிராஃப்ட்வெர்க்கின் 'எக்ஸ்போ 2000' பாட்டையும் அதே குழு ரீமிக்ஸ் செய்தது. அதன் வழியில் உருவான 'பிளானட் ஆஃப் விஷன்ஸ்' என்ற வடிவத்தை கிராஃப்ட்வெர்க் மேடைகளில் வாசித்தது, டெட்ராய்டின் பெயரையும் அதில் பாடியது. தாங்கள் கொடுத்தது எங்கே போய் என்னவாகித் திரும்பியது என்று முன்னோடிகளே அறிந்து, வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது பெரிய பண்பு. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியான செய்திதான். அந்த மரபைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் டெட்ராய்டின் கறுப்பினக் கலைஞர்களையும் பெயர் சொல்லி நினைப்பது நம் கடமை.

பெயர் சொல்வதோடு உரிமை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நீங்கள் அன்றாடம் லூப்களோடு புழங்குகிறீர்கள். 'பிளானட் ராக்' பாட்டில் ஒலிப்பதிவை யாரும் வெட்டி எடுக்கவில்லை. ஆனாலும் மெட்டு வேறொருவருடையது என்பதால், அதை வெளியிட்ட டாமி பாய் நிறுவனம் கிராஃப்ட்வெர்க்குக்குப் பணம் கொடுத்துத் தீர்வு காண நேர்ந்தது. இன்னொரு வழக்கில், கிராஃப்ட்வெர்க்கின் 1977-ஆம் ஆண்டுப் பாட்டான 'மெட்டால் அவுஃப் மெட்டால்' தாளத்திலிருந்து இரண்டு நொடியை எடுத்து, 1997-இல் ஒரு ஜெர்மன் ராப் பாட்டில் லூப்பாக ஓடவிட்டார்கள். அந்த இரண்டு நொடி ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் வரையும், 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரையும் போனது. காதுக்கு அடையாளம் தெரியும்படி எடுத்தால் சிறு துணுக்குக்கும் அனுமதி வேண்டும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். மெட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. இரண்டையும் கேட்டுப் பெறப் பழகிக்கொள்ளுங்கள். கோல்ட்பிளே குழு 2005-இல் 'கம்ப்யூட்டர் லவ்' மெட்டைத் தங்கள் 'டாக்' பாட்டில் எடுத்தாண்டபோது முறைப்படி அனுமதி வாங்கித்தான் செய்தது.

இப்போது உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகள்.

'கம்ப்யூட்டர்வெல்ட்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே அமர்வில் கேளுங்கள். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் ஓடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். பிறகு 'பிளானட் ராக்', 'கிளியர்', 'நோ யுஎஃப்ஓஸ்', 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' என்று வரிசையாகக் கேளுங்கள். ஒவ்வொருவரும் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், தங்கள் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று கவனியுங்கள். எந்த வகுப்பும் இதைவிட நன்றாகக் கற்றுத்தராது.

உங்கள் அடுத்த டிராக்கை ஐந்தாறு ஒலிகளுக்குள் முடித்துப் பாருங்கள். நூறு ப்ளக்-இன் இருக்கும்போது அவற்றை மூடி வைப்பதற்கு மனவுறுதி வேண்டும். பார்டோஸுக்கும் அட்கின்ஸுக்கும் கருவிகள் குறைவாக இருந்தன என்பது ஒரு காரணம். இருந்தவற்றையும் அளவோடு தொட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். 808-இன் ஒலியை இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அது டெட்ராய்டில் ஏன் அப்படி ஒலித்தது என்பதை இறக்கிக்கொள்ள முடியாது. உங்கள் தெருவில், உங்கள் வேலையில், உங்கள் வீட்டில் இயந்திரம் என்பதற்கு என்ன பொருள்? அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எல்லோரும் படைப்பாளிகளாக இருக்க விரும்புகிறீர்கள், நல்லதுதான். ஆனால் இந்தக் கதையில் மோஜோவின் இடத்தை நினைத்துப் பாருங்கள். உங்களில் ஒருவர் செய்த நல்ல டிராக் இருபது பேர் கேட்டதோடு எங்கோ முடங்கிக் கிடக்கலாம். அதைத் தேடிக் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள், பெயரைச் சொல்லி நான்கு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், அதற்கு மறுமொழியாக உங்கள் இசையை அமையுங்கள். சரண்ஜித் சிங்குக்கு அன்று கிடைக்காமல் போன கூட்டமாக நீங்கள் ஒருவருக்கொருவர் இருந்தால், இங்கே உருவாகும் இசைக்குப் பெயர் வைக்க வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

மிகுந்த அன்போடும் நம்பிக்கையோடும்,
உங்கள் இசையைத் தொடர்ந்து கேட்டுவரும் ஒரு ரசிகர்